இடது கால் செருப்பு

இயேசு மரி சூசை துணை

குவைத்,
12.8.1996

அன்புள்ள அப்பாவுக்கு அனிதா எழுதுவது. சர்க்கரை குறைந்திருக்கிறதா? ஊன்றுகோல் கக்கத்தை உறுத்துகிறதா? அம்மா நலமா?

போன மாதம் மஞ்சள் காமாலை வந்து, நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே படுத்துவிட்டேன். இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன், பயப்பட வேண்டாம். படுத்திருந்தபோது, சீக்கிரம் எழுப்பிவிடும் என்று ஆண்டவரை நச்சரித்தேன். அப்போதுதான், உங்கள் வலது காலை எடுத்த அன்று, செபமாலையோடு வார்டுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது.

"காலக் கேக்காதீக. அவரு சித்தப்படி ஆகட்டும். வெட்டுற டாக்டருக்குக் கை நடுங்காம இருக்க ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்க."

எத்தனையோ நோயாளிகளைப் பார்த்துவிட்டேன். டாக்டருக்காக வேண்டிக்கொண்டவர் நீங்கள் ஒருவர்தான் அப்பா. நானும் எனக்கு ஊசி போட்ட பெண்ணுக்காக வேண்டிக்கொண்டேன். வேலைக்குப் புதுசு, பாவம், நரம்பே கிடைக்கவில்லை அவளுக்கு. எனக்கு மனசு லேசாகிவிட்டது.

சுண்டைக்காய் வற்றல் கொடுத்தனுப்புங்கள். ராத்திரி செபத்தில் என் பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

லீவில் ஊருக்கு வரும் ரீனா அக்கா வாசலில் நிற்கிறார். உங்களுக்கு வாங்கிய தோல் செருப்பில் இடதை மட்டும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். வலது என் கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும்.

உங்கள் மகள்
மரிய அனிதா