ஹிஸ்கேயின் படகில் ஒரு பின்

மே 14, செவ்வாய்

தென்மேற்குக் காற்று. துவைத்த துணி காயவில்லை. என் புருஷன் ஓபே இன்றும் இதே துறையில் இருக்கும் ஹிஸ்கேயின் படகுக்குப் போயிருக்கிறான். அவள் படகின் த்ரஸ்டர் போன வாரம் வேலை செய்யாமல் போய்விட்டது. தண்ணீருக்கடியிலிருந்து படகின் மூக்கை இடமும் வலமும் தள்ளுகிற சின்ன விசிறி அது. தன் புருஷன் செத்த பிறகு அவள் தனியாகத்தான் ஓட்டுகிறாள். அந்த விசிறி இல்லாமல் காற்றடிக்கும் நாளில் தனியாளாகப் படகைக் கரையில் கட்ட முடியாது. முன்னால் கயிற்றோடு நிற்க இன்னொரு ஆள் வேண்டும்.

நாங்கள் குடியிருக்கும் படகில் அந்த ஆள் நான். எங்களுக்கும் அதே த்ரஸ்டர் உண்டு, ஆனாலும் இருபத்தேழு வருஷமாக அவன் உள்ளே சுக்கான் பிடிப்பான், நான் மழையில் கயிறு பிடிப்பேன்.

சாயங்காலம் வந்து, "பேட்டரியா இருக்கும்னு தோணுது" என்றான். மீசையில் சர்க்கரை. அவனுக்குச் சர்க்கரை நோய். எங்கள் வீட்டில் சர்க்கரை ரொட்டி வாங்கியே ஆறு வருஷமாகிறது.

மே 16, வியாழன்

பேட்டரி இல்லையாம். ஸ்விட்சாம்.

மே 17, வெள்ளி

ஸ்விட்சும் இல்லையாம். கேபிளாம். நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனான். கேபிள் பார்க்க இஸ்திரி போட்ட சட்டை எதற்கு? அதை இஸ்திரி போட்டவளும் நான்தான்.

மே 20, திங்கள்

பெந்தெகொஸ்தே விடுமுறை. துறை முழுக்கப் படகு. எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற படகுகள் எங்கே இடிக்கும் என்று வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்துப் படகு கெர்பென் என்னைப் பார்த்ததும், "என்ன ரிக்ஸ்ட், ஓபே அங்கேயே குடித்தனம் வச்சிட்டானா? தபால்காரன்கிட்ட புது முகவரி சொல்லிடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவளுடைய சிரிப்பு தண்ணீரைத் தாண்டி எங்கள் சமையலறை வரை கேட்கிறது. அப்படி என்ன சொல்றான் அவகிட்ட? என்கிட்ட மட்டும் ஏன் எதுவும் சொல்ல வரல? நான் என்ன சிரிக்கத் தெரியாதவளா?

இன்னொன்று. இரண்டு வருஷம் முன்பு எங்கள் த்ரஸ்டரும் இப்படித்தான் நின்றது. டார்ச் பிடித்தவள் நான். உடைந்த ஒரு சின்ன இரும்புப் பின்னை மாற்றி, காபி ஆறுவதற்குள் சரி செய்துவிட்டான். அப்படிப்பட்டவனுக்கு இது மட்டும் ஏன் பிடிபடவில்லை?

மே 23, வியாழன்

ஓபே பல் பிடுங்க லேயுவார்டன் போனான். நான் டூல் பெட்டியிலிருந்து ஸ்பேனர்களையும், எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் உதிரிப் பின்னையும் எடுத்துக்கொண்டு ஹிஸ்கேயின் படகில் ஏறினேன். சண்டை போடத்தான் போனேன்.

"வா ரிக்ஸ்ட், காபி போடுறேன்."

"காபி வேணாம். லீவரைத் தள்ளு."

தள்ளினாள். முன்னறைக் கட்டிலுக்கு அடியில் மோட்டார் மிக்ஸி மாதிரி கத்தியது. படகு அசையவே இல்லை.

மோட்டார் இப்படிச் சுற்றுகிறது என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது. மோட்டாருக்கும் தண்ணீரில் இருக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு பின் உண்டு. விசிறியில் கட்டையோ கயிறோ சிக்கினால் அது முதலில் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். இது ஓபேக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கட்டில் பலகையைத் தூக்கி, குப்புறப் படுத்து போல்ட்டுகளை எடுத்தேன். ஹிஸ்கே டார்ச் பிடித்தாள். இருவருமாக மோட்டாரைத் தூக்கினோம். உடைந்த பின்னின் துண்டுகள் அங்கே கிடக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. துளையைத் துடைத்து, சுற்றிலும் புதுக் கிரீஸ் தடவியிருந்தது.

"இதை ஓபே திறந்தானா?"

"மொத நாளே திறந்தாரே. எதையோ துடைச்சு எடுத்தார். இங்க கோளாறு இல்ல, வேற எங்கயோன்னு சொன்னார். பாவம், தினமும் வந்து தேடுறார். எனக்கு லெம்மர்ல பேத்தி பிறந்து மூணு வாரமாச்சு. கோடை முழுக்க அங்க இருக்கணும், பொண்ணு வீட்டுல படுக்க இடமில்ல, இந்தப் படகை விட்டா எனக்கு வீடு ஏது? இங்க மாட்டிக்கிட்டிருக்கேன்."

அவள் முகத்தையே பார்த்தேன். பேத்தியைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. சண்டையை விட்டுவிட்டு உதிரிப் பின்னைக் கையில் எடுத்தேன்.

பின்னைப் போட்டு மோட்டாரை இறக்கி முறுக்கினேன். இணைப்புக் கொடுத்தேன். "இப்ப தள்ளு." படகின் மூக்கு வலப்பக்கம் நகர்ந்தது. பிறகு இடப்பக்கம். ஹிஸ்கே கிரீஸ் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஓபே கரையில் வந்து நின்றபோது அவள் இன்னும் மூக்கை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். "ஓபே, உங்க பொண்டாட்டி சரி பண்ணிட்டா. நாளைக்கே கிளம்பறேன்."

அவன் முகம் விழுந்ததைப் பார்த்தேன். எனக்காக அந்த முகம் ஒருநாளும் அப்படி விழுந்ததில்லை.

"என்ன கோளாறு?" என்றான். ஊசி போட்ட வாய், குழறியது.

"உனக்குத் தெரியாதா?" என்றேன்.



மே 24, வெள்ளி

ஹிஸ்கே காலையில் போய்விட்டாள். பக்கக் காற்றுதான், தனியாகவே படகை வெளியே எடுத்தாள். தள்ளிவிட ஓபே கரையில் கை நீட்டிக்கொண்டு நின்றான். தேவைப்படவில்லை.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். அவள் அவனைக் கூப்பிட்டிருந்தால் அவளை வைதுவிட்டுத் தூங்கியிருப்பேன். அவ கூப்பிடவே இல்லையே. இவனாத்தானே போனான் — என்னை விட்டுத் தள்ளிப் போக இவனுக்கு ஒருத்தி கூப்பிடக்கூட வேண்டாமா?

ஜூன் 2, ஞாயிறு

ஹிஸ்கே போன் செய்தாள். பேத்திக்கு மூக்கு தாத்தா மாதிரியாம். ஓபே எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"ஓபேகிட்ட சொல்லு," என்றாள், "அந்தப் பின் கண்ணுல படலைன்னு வருத்தப்பட வேணாம்னு."

"அவனுக்குக் கண்ணு மங்கிடுச்சு" என்றேன். பேப்பருக்குப் பின்னால் அவன் காது சிவந்தது.

போனை வைத்ததும் அவனாகவே எழுந்துபோய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தான். நிறையப் பால் விட்டிருந்தான். நான் ஒருநாளும் பால் விட்டுக் குடித்ததில்லை. அப்படிக் குடிப்பவள் யார் என்று எனக்குத் தெரியும். கோப்பையை என் முன்னால் வைத்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கையைக் கோப்பையிலிருந்து எடுக்காமல் நின்றான்.

அதை வாங்கி, ஜன்னலைத் திறந்து, கால்வாயில் ஊற்றினேன்.

"இன்னொண்ணு போடு" என்றேன். "இந்தத் தடவை எனக்குப் போடு."

போடப் போனான்.