வெள்ளையனுக்கு வேலை போகவில்லை

திருப்பூர்,
14-3-1973.

சிரஞ்சீவி ஆத்தப்பனுக்கு உன் ஐயன் கன்னையன் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கச்சி தெய்வாத்தாளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் அப்படியே இருக்க அவிநாசியப்பர் துணை. தன் கையாலேயே என்பதை இரண்டு முறை படித்துக்கொள் கண்ணு. நானேதான் எழுதுகிறேன். பனியன் கம்பெனிக் கட்டிங் மாஸ்டர் பசீர் அகமது வேலை முடிந்ததும் என்னைப் போன்ற ஒன்பது பேருக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார், துணியில் கோடு போடுகிற சாக்கட்டியாலேயே மேசை மேல் எழுதிக் காட்டுவார். எட்டு மாதமாகப் போகிறேன், உன்னை அசத்தலாம் என்றுதான் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போதெல்லாம் பஸ் வந்தால் சேவூரா அவிநாசிபாளையமா என்று யாரையும் கேட்பதில்லை, ஏற வேண்டிய வேலை இல்லாவிட்டாலும் நின்று பலகையைப் படித்துவிட்டுத்தான் வருகிறேன். ழ மட்டும் இன்னும் என் சொல்லுக்கு அடங்கவில்லை. இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன், இன்று புதன்.

உன் கடிதத்தையும் நானே படித்தேன், இரண்டு பொழுது ஆயிற்று. இதற்கு முன் வந்ததையெல்லாம் தபால்காரர் படித்துச் சொல்வார், அவர் அவசரத்தில் நல்ல சேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் போலும். நானே படித்த முதல் கடிதம் இப்படி இருந்திருக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற பேங்கு வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அங்கே மேனேஜர் பத்துப் பேர் பார்க்க லெட்ஜரைத் தூக்கி உன் முன்னால் எறிகிறார் என்றும், அவருக்கு முன்னால் கிளம்பினால் என்ன அரை நாள் லீவா என்று கேட்கிறார் என்றும், எதிர்த்துப் பேசியவனை அஸ்ஸாம் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். வேலை நிரந்தரமாகும் வரை ஆறு மாதம் வாயைத் திறக்க முடியாது என்கிறாய். அதுவரை சரி, பல்லைக் கடித்துக்கொள். ஆனால் கடைசிப் பக்கத்தில் இருந்த பியூன் விஷயத்தைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவருக்கு வேறு பெயர் போட்டுக் கூலிச் சீட்டு எழுதுவது இப்போது உன் வேலை, எல்லாக் கிளையிலும் இதுதான் வழக்கம், அவருக்குப் படிக்கத் தெரியாததால் ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய்.

இங்கே நடந்ததை உனக்கு எழுத வேண்டாம் என்று இருந்தேன், இனி எழுதாமல் முடியாது. பதினோரு வருடமாக நான் பேங்கு குடோனில் வாட்ச்மேன் என்பது உனக்குத் தெரியும். அடகுக்கு வந்த பஞ்சு மூட்டையில் ஒன்றுகூட என் காவலில் குறைந்ததில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை கூலிச் சீட்டில் ரேகை வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார்கள், நான் வேண்டாமுங்க, கையெழுத்தே போடறேனுங்க என்று சிரித்துக்கொண்டு பேனாவைக் கேட்டு வாங்கினேன். சீட்டு முழுக்க இங்கிலீஷ், ரேகை வைக்கிற இடத்தில் மட்டும் ஒரு வரி தமிழில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெள்ளையன் இடது பெருவிரல் ரேகை என்று இருந்தது. நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து மறுபடியும் கூட்டினேன், மறுபடியும் வெள்ளையன்தான். ஏனுங்க, இது என்ற பேரு இல்லீங்களே என்றேன். ஹெட் கிளார்க் என்னைத் திருடனைப் பார்ப்பது போல் பார்த்து, உனக்கு யாருப்பா படிக்கச் சொல்லிக் குடுத்தது என்று கேட்டார். அதற்கு முந்திய மூன்று மாதம் நான் சுப்பையனாம், அதற்கும் முன்னால் யார் யாரோ. ஒரே பெயரில் ஓர் ஆள் நிலைத்தால் நிரந்தரம் கேட்பான் என்று மேலே இருந்து உத்தரவாம். பேரு எதுவா இருந்தா என்ன, கூலி உன்ற கைக்குத்தானே வருது என்று மேனேஜர் வேறு உள்ளே இருந்து குரல் கொடுத்தார். நான் வெள்ளையனை அடித்துவிட்டுக் கன்னையன் என்று எழுதினேன். சீட்டைக் கிழித்துப் போட்டார்கள். திங்கட்கிழமை குடோன் வாசலில் வேறு ஆள் நின்றார். தெற்கத்திக்காரர், பிள்ளைகுட்டிக்காரர், பாவம். பேரைக் கேட்டேன். பெத்தவுக வச்சது கருப்புசாமி, அண்ணாச்சி, இங்க வெள்ளையன்னு கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கச் சொல்லியிருக்காக என்று சிரித்தார். எந்தச் சோப்பும் செய்யாத வேலையைப் பேங்கு செய்துவிட்டது. வெள்ளையனுக்கு வேலை போகவில்லை கண்ணு, எனக்குத்தான் போனது. பதினோரு வருடத்துக்கு ஒரு சான்றுச் சீட்டுக் கேட்டேன், கன்னையன் என்று இங்கே யாரும் வேலை பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அது பொய்யும் இல்லை, அவர்கள் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இப்போது ஒரு கம்பெனியில் வேஸ்ட் துணி பிரிக்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

அந்த ஒரு தமிழ் வரியையும் யாரோ ஒரு கிளார்க்குப் பையன்தான் எழுதியிருப்பான், அவனுக்கும் ஓர் அப்பன் இருப்பான். அவன் மேல் நான் விட்ட சாபத்தையெல்லாம் உன் கடிதத்தைப் படித்த பிறகு திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் எழுதுவதைப் பார்த்து உன் அம்மா, ஏனுங்க, நீங்க அ ஆ படிச்சு வேலையத் தொலச்சது பத்தாதா, பையன் வேலையையும் தொலைக்கோணுமா, தெய்வாத்தா கண்ணாலத்துக்கு யாரு இருக்கறா என்று ஏசுகிறாள். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் உன் மேனேஜரோடு சண்டைக்குப் போ என்று நான் சொல்லவில்லை. அந்தப் பியூனுடைய சொந்தப் பெயரை நீயாக எழுதிவிட்டால் எனக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும், அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் சொல்வது இவ்வளவுதான். அவர் விரலை வைப்பதற்கு முன்னால் சீட்டில் இருக்கும் பெயரை அவருக்கு வாசித்துக் காட்டு, எதற்காக மாற்றுகிறார்கள் என்றும் சொல். தெரிந்தே வைத்தால் அது அவர் பாடு, தெரியாமல் வைக்கவிட்டால் அது உன் பாடு. இதற்காக உன்னை வீட்டுக்கு அனுப்பினால் வந்துவிடு, உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊர் உப்புத் தண்ணீருக்குத் தலைமுடி கொட்டும். குலதெய்வம் உன்னைக் காக்கட்டும், நூறு வயது நன்றாக இரு. பதிலைக் கூட்டெழுத்தில் எழுதாமல் பெரிய எழுத்தாகப் பிரித்து எழுது, யாரிடமும் கொடுக்காமல் நானே படிக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. நாலு பக்கக் கடிதத்தில் அந்தப் பியூன், அந்த ஆள் என்றுதான் எழுதியிருக்கிறாய், பெயர் ஓர் இடத்திலும் இல்லை. உனக்கே தெரியாதோ என்னவோ. கேட்டுத் தெரிந்துகொண்டு பதிலில் முதல் வரியாக அதை எழுது.

உன் ஐயன்,
மா. கன்னையன்