கதவைத் திறந்துவிட்டு வண்டியைக் கிளப்பு

திருத்தணி,
தை மாதம், 1949

சிரஞ்சீவி கங்காதரனுக்கு நைனாவின் ஆசீர்வாதம். தணிகேசன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உயிரோடு சௌக்கியம். உயிரோடு என்பதை வெறும் வார்த்தைக்கு எழுதவில்லை. நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமானால் இதை முழுதும் படி.

சிகாகோவில் தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார் வாங்கியிருப்பதாகவும், பனிக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டே எஞ்சினைச் சூடாக்குவதாகவும் எழுதியிருந்தாயே, நம் ஓட்டை வண்டிக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். ஆருத்ராவுக்குத் திருவாலங்காடு புறப்பட்ட அன்று, அம்மா தலை பின்னி முடிப்பதற்குள் ராகு காலம் வந்துவிடும் போலிருந்தது. அதற்குமுன் எஞ்சினைக் கிளப்பிவிட்டால் புறப்பட்டதாகவே கணக்கு என்று நானே ஒரு சாஸ்திரம் செய்துகொண்டேன். எதிர்வீட்டுப் பச்சையப்பன் மூக்குப்பொடி போட்டு அந்த நேரம் பார்த்துத் தும்முவான், சகுனம் கெடும் என்று கொட்டகைக் கதவைச் சாத்தி, சந்தெல்லாம் சாக்கு வைத்து அடைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பி ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுத்துக் கண் சொருகியது. முருகன் அருள்தான் இறங்குகிறது என்று கும்பிட்டுக்கொண்டே சாய்ந்தேன், என் புத்தியை என்னவென்று சொல்ல! அம்மாதான் கதவைத் தள்ளித் திறந்து என்னை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள். பச்சையப்பன் விசிறிக்கொண்டே ரெண்டு தும்மல் போட்டான், அதைக் கேட்டுத்தான் கண் விழித்தேன். அவன் தும்மல் வரக்கூடாதுன்னு எமனை உள்ள வெச்சிகினு கதவை சாத்திகினீங்களே என்று அம்மா அழுதுகொண்டே திட்டினாள்.

எஞ்சின் புகையில் வாசனையே இல்லாத விஷம் ஒன்று உண்டாம், மூடிய இடத்தில் தூங்க வைக்கிற மாதிரியே ஆளைக் கொண்டுபோய்விடுமாம், டாக்டர் சொன்னார். கேட்டதும் உன் ஷெட்தான் கண்முன் நின்றது. பயந்துபோனேன் அப்பா. முதலில் கதவை அகலத் திற, வண்டியை வெளியே கொண்டுவந்து கைபிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் வைத்து, அப்புறம் சூடாக்கு. தானே கியர் மாற்றுகிற வண்டி தானே புறப்பட்டும் போய்விடும், விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகாதே. பனி பட்டால் ஜலதோஷம்தான் வரும். என்னை இழுத்துப்போட அம்மா இருந்தாள், தும்மப் பச்சையப்பன் இருந்தான், உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

தீர்க்காயுசாக இரு. ஷெட் கதவைத் திறந்தாயிற்று என்று உடனே ஒரு தந்தி அடி. அது வரும்வரை நம் வாசல் கதவைச் சாத்த விடமாட்டேன் என்கிறாள் அம்மா. இந்தத் தைப் பனியில் நடுங்கிக்கொண்டுதான் படுத்திருக்கிறோம்.

உன் நைனா,
சுந்தரமூர்த்தி