அப்பா சொன்ன முடிவு

அன்புள்ள அப்பா,

நான் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

என் ஏழு வயதில் நாம் சேர்ந்து பார்த்த துப்பறியும் தொடரை விடுதி டிவியில் தோழிகளோடு மறுபடி பார்த்தேன். நேற்று கடைசிப் பகுதி. அன்று நான் தூங்கிவிட்டதால் முடிவை நீங்கள்தானே சொன்னீர்கள்? துப்பறிவாளர் குண்டடிபட்டதும், "அழாதீங்கடி, பிழைச்சுடுவார்" என்று அடித்துச் சொன்னேன். அவர் இறந்துவிட்டார், அப்பா.

"உங்கப்பா நல்லா ரீல் விட்டிருக்காருடி!" என்று தோழிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் அழக்கூடாது என்றுதான் மாற்றிச் சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் அதிலிருந்து புத்தகத்தில் மனம் நிற்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பது சும்மா பரிசோதனைக்குத்தான் என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் எனக்காகச் சொன்னதுதானா? பலகாரம் எதுவும் வேண்டாம். அம்மா தன் கையால் எழுதிய இரண்டு வரி அனுப்புங்கள்.

வகுப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்