ரேடியேட்டர் மூடி

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. இடது கையால் சமைத்தது, உப்பு பார்த்துக்கொள்ளுங்கள். நான் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, அக்கா வீட்டிலேயே இருப்பேன்.

காரைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள் என்று நான்தான் கேட்டேன். ஓடிவந்த வண்டியை நிறுத்தியதும், “ரேடியேட்டர் மூடியைத் திற, தண்ணி இருக்கான்னு பாரு” என்றீர்கள். நம்பித் திறந்தேன். கொதிநீர் என் கையில் பீறிட்டபோது உங்கள் பட்டறையே சிரித்தது. “புதுசா வர்ற எல்லாருக்கும் இதுதான் முதல் பாடம். இனி சாகிறவரைக்கும் மறக்க மாட்டா” என்று நீங்களும் சிரித்தீர்கள். உங்களை மன்னிக்கச் சொல்லிக் கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். என் கோபம்தான் இன்னும் போகவில்லை.

இன்று நாலு மணிக்கு நம் மகள் கற்றுக்கொள்ளப் பட்டறைக்கு வருகிறாள். முதலில் இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிறகு கனமான துணியைப் போட்டு, மூடியை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். ஆயில் பார்க்கும் கம்பியையும் அப்போதே காட்டிவிடுங்கள்.

கோபத்தில் கார் சாவியை ஒளித்துவைக்கலாம் என்று நினைத்தேன். மனம் வரவில்லை, ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன்.

பி.கு.: நான் கையை மட்டும்தான் நீட்டினேன். அவளுக்குக் கிட்டப்பார்வை. எதையும் முகத்தை அருகில் கொண்டுபோய்த்தான் பார்ப்பாள்.