மிக்சி சத்தத்தில் ஒரு விசில்

வியாழன், இரவு.

இரண்டு காதிலும் பூஞ்சையாம். டாக்டர் நேற்று அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்தில் நனைத்த துணித்திரியை வைத்து அடைத்து அனுப்பினார். ஒரு வாரம் எடுக்கக்கூடாது. நான் பஸ் ஓட்டுகிறவன் என்று அவரிடம் சொல்லவில்லை. டிப்போவிலும் திரியைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் ஸ்டியரிங்கில் உட்கார விடமாட்டார்கள்.

இன்று சாந்தோம் ஸ்டாப்பில் மீன்கூடையோடு ஒரு அம்மா இறங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் ரைட் கொடுத்துவிட்டதாக நினைத்து வண்டியை எடுத்துவிட்டேன். ஜனங்கள் எழுந்து கையை ஆட்டிய பிறகுதான் பிரேக் போட்டேன். அந்த அம்மா விழவில்லை. மீன்தான் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது.

கண்டக்டர் ஏழுமலை முன்னால் ஓடி வந்து என் காதுக்குள் கத்தினான். "நிறுத்துன்னு விசில் ஊதிக்கினே கீறேன், இன்னா நைனா நீ!" அப்போதுதான் திரியைப் பார்த்தான். அதற்குமேல் திட்டவில்லை. டூட்டி முடிந்ததும் தன் இன்னொரு விசிலை என் சட்டைப்பையில் போட்டான். "வூட்ல அண்ணிய ஊதச் சொல்லிப் பாரு. கேட்டா மட்டும் நாளைக்கு வா."

இஞ்சினுக்குப் பதிலாக மிக்சியை ஓடவிட்டு, கலாவைச் சமையலறையில் விசிலோடு நிற்கவைத்தேன். நான் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மிக்சி எங்கோ தூரத்தில் ஓடுவதுபோல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"ஊதேன்டி, எவ்ளோ நேரம்?" என்று எரிச்சலோடு திரும்பினேன்.

கலா வாசல் கதவைத் திறந்துவைத்து நின்றிருந்தாள். விசில் அவள் கையில் இருந்தது. எதிரே கீழ்வீட்டுக்காரர், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.