இரண்டு விரல் நீளம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நானும் உன் அம்மாவும் சுகம், எங்கள் சண்டையும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். கடைக்கு எதிரே காலி மனையாகக் கிடந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்குக் கட்டடம் வந்துவிட்டது, கடலே தெரிவதில்லை, உப்புக்காற்று மட்டும் சந்து வழியாக வந்து தையல் மெஷினில் துரு ஏற்றிவிட்டுப் போகிறது. அந்தக் கட்டடத்தில் கிடைத்த திரைச்சீலை வேலை சரிப்படாவிட்டால் கடையை மூடிவிட்டு உன்னோடு வந்துவிடுகிறோம் என்று போனில் சொன்னேன் அல்லவா, என்ன ஆயிற்று என்று அம்மாவைத் தினமும் குடைகிறாயாம். சொல்கிறேன் கேள்.

சொதப்பிவிட்டேன். வெறும் சிமெண்ட் தரையாக இருக்கும்போதே அவசரக்குடுக்கையாகப் போய் அளவெடுத்துத் தைத்துவிட்டேன், பிறகுதான் டைல்ஸ் போட்டுத் தரையை உயர்த்தியிருக்கிறார்கள். ஆட்கள் குடிவரும் சமயத்தில் மாட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டு விரல் நீளம் கூடுதல், தரையில் புரளுகிறது. இனி யாரும் வீடு பெருக்க வேண்டாம்ணே என்று கட்டட மேஸ்திரி சிரிக்கிறார், எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உன் அம்மாதான், குட்டையாப் போயிருந்தாத்தான் வம்பு, நீளத்துக்கு என்ன, மடிச்சு அடிங்க என்று ஒரே போடாகப் போட்டாள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை, நானும் மேஸ்திரியும் மெஷினை மாடி மாடியாகச் சுமந்தோம், வீட்டுக்கு வீடு உட்கார்ந்து நான் மடித்து அடித்தேன். தைக்கிறவன் வாசலுக்கே வந்துவிட்டால் விடுவார்களா? பேண்ட் இடுப்பைப் பிடிக்கிறது என்று ஒருவர், தலையணை உறை வேண்டும் என்று ஒரு டீச்சர், இப்போது கடையில் கால் வைக்க இடமில்லை.

அதனால் நாங்கள் வரவில்லை கண்ணு. கோபித்துக்கொள்ளாதே. உன்னை நினைக்காமல் ஒரு வாய் உள்ளே இறங்குவதில்லை, ஆனாலும் கை ஓடுகிறவரை எனக்கு இந்தத் தெருதான். நீயாவது போய் அவளோடு இரேன் என்று அம்மாவிடம் சொன்னேன், மறுபடி உங்க கையில அளவு டேப்பைக் கொடுத்துட்டா போகச் சொல்றீங்க என்கிறாள்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். ஒன்று சொல்ல வேண்டும், உன் அறையில் இரண்டாவது மெஷின் போட்டுவிட்டேன். உன் கட்டிலைக் கழற்றும்போது அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. லீவுக்கு வந்தால் சின்னப் பிள்ளையில் படுத்த மாதிரி எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொள், சீக்கிரம் வா.

உன் அப்பா